கொடிகாமத்தில் எங்களைப் பார்த்த மிட்வைஃப் அக்காவுக்கு

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்த யாழ்ப்பாணம் வலிகாமத்துச் சனத்தில் நானும் ஒருத்தி. எட்டு மாத வயிறு. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள் அக்கா. பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நடந்த கால், வீங்கத்தான் செய்யும் என்றார்கள் எல்லோரும். நீங்கள் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "தலையிடிக்குதோ பிள்ளை? கண் மங்கலாத் தெரியுதோ?" என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் ஓம் என்றேன். பிரஷர் பார்த்த கையோடு ஒரு ட்ரக்டரை மறித்து ஏற்றி, ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தீர்கள். அந்தக் கர்ப்பகாலப் பிரஷர் வலிப்பில் கொண்டுபோய் விட்டுத் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே பறிக்கக்கூடியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிள்ளை பிறந்தபின்னும் நீங்கள் விடவில்லை. சேலையை மறைப்பாகக் கட்டினீர்கள். சீம்பாலைப் பிழிந்து ஊற்றக்கூடாது என்று அம்மாவோடு வாதாடினீர்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே என்றீர்கள். ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு இரத்தப்போக்குக் கூடுதா என்று பார்த்தீர்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துக் கொடுக்கும் சரக்குத்தூள்கூட எங்கிருந்தோ கொஞ்சம் கொண்டுவந்தீர்கள், அந்த நாளில் மிளகு மல்லிக்கே பெரிய பாடு.

ஒரு பின்னேரம் காரணமே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் புத்தி சொல்லவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ கொஞ்சம் படு" என்றீர்கள். இரண்டு மணித்தியாலம் தூங்கினேன். இடம்பெயர்ந்த பிறகு அதுதான் என் முதல் தூக்கம்.

நீங்களும் எங்களைப்போல வீட்டை விட்டு வந்தவர் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. போன கிழமை கிளினிக்கில் அவளுக்குப் பிரஷர் பார்த்தபோது உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. நன்றி அக்கா.