தீவனச் சாக்கில் சேர்மானத்தை அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழனியில் முப்பது ஆண்டுகளாகக் குதிரை வண்டி ஓட்டுகிறேன். சென்ற ஆடியில் என் பெட்டைக் குதிரையின் முன்னங்குளம்புகள் இரண்டும் சுட்டன. பாரத்தைப் பின்னங்கால்களில் சாய்த்தபடி, அடியெடுத்து வைக்கவே தயங்கியது. குளம்பைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், "என்ன தீவனம் போடுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். சாக்கில் வாங்கிய நறுக்குத் தீவனம். அள்ளினால் கையில் பிசுபிசுத்தது. அத்தனையும் சர்க்கரைப்பாகு! உடம்பு தாங்காத குதிரைக்குச் சர்க்கரை மிகுந்தால் குளம்புக்குள் அழற்சி உண்டாகும். முற்றினால் உள்ளெலும்பே இறங்கிவிடும் என்றார்.

இப்போது பாகு கலக்காத உலர்புல்லை வாங்கி நானே நறுக்குகிறேன். ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுகிறேன். சர்க்கரை ஓரளவு கரைந்து போகிறது. தூசி அடங்கியதால் இருமலும் நின்றது. புதிய தீவனத்தைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, பத்து நாளில் மாற்றினேன். மாட்டுக்கு ஏற்ற கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே குதிரைக்குப் போடுவோர் உண்டு. அதிலுள்ள ஆக்சலேட் என்னும் உப்பு, சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு எலும்பைக் கெடுக்கும். குதிரைமசால் என்னும் தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஆனால் அதுவும் எல்லாக் குதிரைக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

நான் வாங்கிய சாக்கில் எடையும் விலையும் மட்டுமே இருந்தன. பாகு எவ்வளவு, என்ன புல் என்பதை அதன் மேல் தமிழில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குதிரை வண்டிக்காரர், பழனி.