விசில் பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டு வழியாக கிறிஸ்தவ ஊழியம் செய்ய இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முகாம்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் பார்த்த முகாம்களில் வேதபாடம், ஜெபம், சாட்சி எல்லாம் இருக்கிறது, விளையாட்டுப் பயிற்சியைத்தான் காணோம்.

போன மே மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு முகாமில் உச்சி வெயிலில் பையன்களுக்கு ஃபுட்பால் நடந்தது. நடத்திய தம்பிக்கு ஆஃப்சைடு தெரியவில்லை, அது போகட்டும். தண்ணீர்க் குடம் ஜெபம் முடிந்த பிறகுதான் வந்தது. ஒரு பையன் தலைசுற்றி உட்கார்ந்ததும் சுற்றி நின்று ஜெபித்தார்கள். நிழலுக்குக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. பெண் பிள்ளைகளோ பந்தலுக்குள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏன், அவர்களுக்குக் கால் இல்லையா?

கூடைப்பந்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த முரட்டு மாணவர்களுக்காக ஒரு விளையாட்டை யோசித்தார். பந்தோடு ஓடுபவனைத்தான் மற்றவர்கள் பிடித்துத் தள்ளுகிறார்கள். அதனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடவே கூடாது என்று விதி வைத்தார். ஒரு பிரசங்கம் செய்ய முடியாததை அந்த ஒரு விதி செய்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் அது இன்றும் இருக்கிறது. சபைகள் வழி கேட்டு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு பக் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், அன்று ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வாங்கிய ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் ஓடியதும் அங்கேதான். இந்தக் கதையைச் சொல்லாத வாலிபர் கூட்டம் கிடையாது. அதன் மிச்சத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. சீனாவில் மிஷனரியாக இருந்த அவரை 1943இல் ஜப்பானியர் அங்கிருந்த வெய்ஷியன் சிறைமுகாமில் அடைத்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடிய பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு நடுவராக நின்றவர் லிடெல்! 1945இல் அந்த முகாமிலேயே இறந்தார். இளம் ஊழியர்களுக்கு இந்தப் பாதியையும் சொல்லிக்கொடுங்கள்.

முதலுதவி தெரியாதவரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். தன் சபைப் பையன் செய்த ஃபவுலுக்கும் விசில் ஊதப் பழக்குங்கள். பெண் தலைவர்களையும் சேர்த்தே பயிற்றுவியுங்கள். இன்னொன்று: மற்ற மதத்துப் பிள்ளைகளும் பந்துக்காக வருவார்கள். ஜெபமும் வேதபாடமும் உண்டு என்று நோட்டீசிலேயே போட்டுவிடுங்கள். பெற்றோர் தெரிந்து அனுப்பட்டும்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர்கள் நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறோம். கூப்பிட்டால் காசு வாங்காமல் வருவோம். ஆட்டத்தை மட்டும் காலை ஆறு மணிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பாளையங்கோட்டை