நான்கு படத்துக்குள் ஒரு லயம்

அப்புத்தளை

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த இரண்டு நெகட்டிவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வெட்டாமல் முழு நீளமாகச் சுருட்டி அனுப்பினாயே, அதுதான் பெரிய உதவி. வெட்டியிருந்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குளிருக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. மகள் பதுளையில் படிப்பிக்கப் போய்வருகிறாள். பின்னேரமானால் மூடுபனி வந்து மலையை மூடிவிடுகிறது, ஐந்து மணிக்கே லைட் போட வேண்டியிருக்கிறது.

சரி, உன் 617 கெமராவுக்கு வருகிறேன், ஆறு சென்ரிமீற்றர் உயரமும் பதினேழு சென்ரிமீற்றர் அகலமுமாக நீளப் படம் எடுக்கிறதே, அது. படங்கள் சரியான இடத்தில் விழவில்லை என்றாய். திருத்துகிறவர் உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவசரப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதே. இரண்டு நெகட்டிவையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கோளாறு. என் கணக்கில் இரண்டுமே பிலிம் போடும்போது வருபவை.

முதல் சுருளில் முதல் படம் முழுதாக இருக்கிறது. அதற்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அடுத்தது இரண்டு விரல், அதற்கடுத்தது மூன்று விரல். கடைசிப் படத்தின் ஓரம் பிலிம் முடிந்து, பிலிமுக்குப் பின்னால் கூடவே சுற்றிவரும் தாளில் விழுந்திருக்கிறது. பல்சக்கரம் தேய்ந்திருந்தால் இடைவெளி தாறுமாறாக இருக்கும். ஓரிடத்தில் படம் ஏறி விழும், இன்னோரிடத்தில் தள்ளிப் போகும். இப்படி ஒழுங்காகக் கூடிக்கொண்டே போனால், பிலிம் ஏறும் சுருள் தளர்ந்து பருத்துவிட்டது என்று அர்த்தம்.

உன் கெமராவில் பிலிமைத் தொட்டு அளக்கும் உருளை இல்லை, வெறுமனே சுற்றும் இரண்டு வழவழப்பான உருளைதான் உண்டு என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் அது பிலிம் ஏறும் சுருள் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை வைத்துத்தான் நிறுத்துகிறது. சுருள் பருக்கப் பருக்க ஒரு சுற்றுக்கு இழுபடும் பிலிமின் நீளம் கூடும். செய்தவர்கள் அதையும் கணக்கில் எடுத்துத்தான் படத்துக்குப் படம் சுற்றைக் குறைத்துக்கொண்டு போவார்கள். ஆனால் அந்தக் கணக்கு சுருள் இறுக்கமாக ஏறினால்தான் சரிவரும். தொளதொளவென்று ஏறினால் நினைத்ததை விடக் கூடுதல் பிலிம் ஓடிவிடும். 120 பிலிமின் நீளம் ஏறத்தாழ 82 சென்ரிமீற்றர். 168 மில்லிமீற்றர் அகலத்தில் நான்கு படம் என்றால் அதற்கே 67 சென்ரிமீற்றர் போய்விடும். மிச்சம் இருக்கும் 15 சென்ரிமீற்றரில்தான் முன்னோரம், பின்னோரம், மூன்று இடைவெளி எல்லாம் அடங்க வேண்டும்.

தளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்றால், பிலிமை விடும் பக்கத்தில் பிடிமானம் இல்லை. அந்தப் பக்கத்து அறையில் சுருளை அழுத்திப் பிடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய வில்தகடு இருக்கும். பழைய கெமராக்களில் அது படுத்துப்போய்விடும். விரலால் மெல்ல நிமிர்த்திப் பார். வரவில்லை என்றால் கறுப்பு ஃபெல்ட் துணியில் சின்னத் துண்டு வெட்டி, விடும் சுருள் உரசுகிற மாதிரி அறையின் சுவரில் ஒட்டு. பிசின் வெளியே பிதுங்கக் கூடாது, துணி நூல் பிரியக் கூடாது. பிரிந்தால் அந்த நூல் உன் படத்தில் வானத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். சுற்றும்போது கை கொஞ்சம் கனம் உணர்ந்தால் அதுதான் சரியான அளவு.

இனி இரண்டாவது சுருள். இதில் இடைவெளிகள் பரவாயில்லை, ஆனால் முதல் படத்தில் பாதி இல்லை. பிலிமின் முனையைத் தாளோடு ஒட்டியிருக்கும் நாடா அப்படியே படத்துக்குள் வந்திருக்கிறது. தாளில் இருக்கும் ஸ்டார்ட் அம்புக்குறி, கெமராவின் புள்ளிக்கு வருவதற்கு முன்னமே மூடியைச் சாத்திவிட்டாய். அதனால் பிலிம் இன்னும் கதவுக்கு, அதாவது லென்ஸுக்குப் பின்னால் படம் விழும் சட்டத்துக்கு, வந்து சேரவில்லை. அம்புக்குறி புள்ளியைத் தாண்டிப் போயிருந்தால் தலைகீழாக, கடைசிப் படம் வெட்டுப்பட்டிருக்கும். இன்னொன்றையும் பார்த்துக்கொள். 120, 220 என்ற இரண்டு வகை பிலிமும் போடக்கூடிய கெமராவில் புள்ளியும் இரண்டு இருக்கலாம். 220 பிலிமுக்கு நடுவில் தாள் கிடையாது, தலையிலும் வாலிலும் மட்டும்தான். அதனால் சுருளின் பருமன் வேறு, கணக்கும் வேறு. பிலிமைப் பின்னாலிருந்து அழுத்தும் தகடும், எத்தனையாவது படம் என்று காட்டும் எண்ணியும் 120இல்தான் நிற்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்.

பிலிம் போடும்போது வெயிலில் நிற்காதே, தேயிலைச் செடி நிழலென்றாலும் போதும். தாளின் நாக்கை ஏறும் சுருளின் நடுப்பிளவில் நேராகச் செருகு. ஒரு பக்கம் சாய்ந்து போனால் தாளின் ஓரம் சுருளின் விளிம்பில் ஏறி மடிந்துவிடும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. இடது பெருவிரலை விடும் சுருளின் மேல் மெல்ல வைத்துக்கொண்டு வலது கையால் சுற்று. அந்தப் பெருவிரல்தான் முக்கியம். அம்புக்குறி புள்ளிக்கு நேரே வந்து நிற்கும்வரைக்கும் அதை எடுக்காதே. மூடும்போது தாள் எங்கேயும் வயிறு தள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் சாத்து.

செலவில்லாத ஒரு சோதனையும் சொல்கிறேன். உன் கெமராவில் லென்ஸைக் கூம்போடு கழற்ற முடியும் அல்லவா? காலாவதியான ஒரு சுருளைத் தாளோடு போடு. வெளிச்சம் படுவதைப் பற்றிக் கவலைப்படாதே, அது பலி கொடுக்கிற சுருள். எண்ணி 1இல் நின்றதும் லென்ஸைக் கழற்றி, முன்பக்கமாகக் கையை விட்டு, அழியாத மையுள்ள பேனாவால் பிலிம் கதவின் நான்கு மூலையிலும் கோடு போடு, நடுவில் எண்ணையும் எழுது. அடுத்த படத்துக்குச் சுற்று, மறுபடியும் கோடு. நான்கும் முடிந்தபின் வெளியே எடுத்து மேசையில் விரித்து அளந்தால் உண்மை உன் கண்முன்னே இருக்கும். ஒரு தடவை பெருவிரல் வைத்து, ஒரு தடவை வைக்காமல் செய்து பார். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்துகிறவரிடமும் காட்டு. இறுக்கமாகப் போட்டும் தாறுமாறாக வந்தால்தான் அவர் சொல்வது சரி. இடைவெளி குறைந்து குறைந்து கடைசியில் படம் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் பிலிம் மெல்லியது என்று பொருள். எல்லாக் கம்பனியும் ஒரே தடிப்பில் செய்வதில்லை. அதனால் ஒரே வகை பிலிமில் நிற்பது நல்லது.

உண்மையிலேயே எண்ணி போய்விட்டதென்றாலும் கெமராவைக் கைவிடாதே. பின்மூடியின் நடுவில் சின்னத் துளை போட்டு சிவப்புக் கண்ணாடி பொருத்தலாம். தாளின் நடு வரிசையில் இருப்பது ஆறு சென்ரிமீற்றர் சதுரமான 6x6 படத்துக்கான எண்கள், 1 முதல் 12 வரை. துளை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து 1, 4, 7, 10 என்றோ 2, 5, 8, 11 என்றோ மூன்று மூன்றாகத் தாவினால் 617இன் நான்கு படமும் ஏறாமல் விழும். பன்னிரண்டு சென்ரிமீற்றர் அகலப் படம் எடுக்கும் 612 கெமராவில் இரண்டிரண்டாகத் தாவி ஆறு படம் எடுப்பதும் இதே வழிதான். ஆனால் அந்தத் துளையின் மேல் கறுப்பு நாடா கட்டாயம். சிவப்பு ஒளியை உணராத பழைய பிலிமுக்குத்தான் சிவப்புக் கண்ணாடி காவல். இப்போதைய பிலிம் சிவப்பையும் பார்க்கும்.

நம் பக்கத்து ஈரத்தையும் மறக்காதே. உறையைக் கிழித்த சுருளை நாள் கணக்கில் கெமராவில் வைத்திருந்தால் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதில் அச்சடித்த எண்கள் பிலிமில் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு. போட்ட அன்றே எடு, எடுத்தவுடன் சுருளை இறுக்கி ஒட்டி, மூடியுள்ள போத்தலில் போட்டுவை.

இவ்வளவும் எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பந்திதான். புது வீடு கட்டுவதற்காக தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான நம் பழைய லயத்தை இடிக்கப் போகிறார்கள், அதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் இருந்த அறையான காம்பரா பன்னிரண்டையும், ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டு ஆட்களோடு ஒரே படத்தில் எடுக்க வேண்டும் என்றாயே. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் செய்ய ஓடவில்லை. நம் ஆட்களை எடுத்த பழைய படங்கள் எத்தனையோ இருக்கின்றன, கூடை சுமந்த பெண், வரிசையில் நிற்கிற கூலிகள், கீழே பெயர் கிடையாது. உங்கள் பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரட் கெமரனும், 1879இல் இறப்பதற்கு முன், இலங்கையில் இருந்த காலத்தில் இங்குள்ள சனங்களைப் படம் எடுத்தவர்தான். அழகான படங்கள். அவற்றிலும் நிற்பவர்கள் பெரும்பாலும் யாரென்று தெரியாது. நீ எடுப்பதில் ஒவ்வொரு வாசலுக்கும் பெயர் இருக்கட்டும். எடுத்த அன்றே வரிசைப்படி எழுதி வாங்கிவிடு.

படம் எடுக்கும்போது லென்ஸ் சுழலும் சுழல் லென்ஸ் கெமரா இரவல் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். அதை வாங்காதே. ஹொரைசன், நொப்லெக்ஸ் போன்றவை மலைத்தொடருக்கு அருமை, ஆனால் நேரான கூரையை வில்லாக வளைத்துவிடும். லயத்துக்கு உன் 617தான் சரி, தகரக் கூரை கோடு போட்டதுபோல நிற்கும். கெமராவை மட்டமாக வை, நீர்மட்டக் குமிழி இல்லையென்றால் கொத்தனாரிடம் வாங்கு. 105 மில்லிமீற்றர் லென்ஸுக்கு 25 மீற்றர் தள்ளி நின்றால் 40 மீற்றர் அகலம் உள்ளே வரும். பத்தடிக் காம்பரா பன்னிரண்டும் 37 மீற்றருக்குள் அடங்கிவிடும். வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடம் கிடையாது என்று எனக்கு ஞாபகம், எதிர்மலையில் லயத்தின் மட்டத்துக்கு நேரெதிரே ஓரிடம் பார்த்து வை. ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பக்கவாட்டில் கொஞ்சம் இழுபடும், வயசானவர்களை ஓரக் காம்பராக்களின் வாசலில் உட்பக்கமாக நிற்கச் சொல். நான்கு படத்தையும் அதே காட்சிக்கே செலவழி, யாராவது ஒருவர் கண்ணை மூடுவது நிச்சயம்.

நாள் குறித்ததும் சொல், நானும் வருகிறேன். பிலிம் கழுவுகிற வேலையை என்னிடம் விடு. அதற்கு முன் அந்தப் பலிச் சுருளின் மூன்று இடைவெளியையும் மில்லிமீற்றரில் அளந்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஸ்டூடியோக் கூட்டாளி