லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலும் சன்னதி தெருவிலும் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் முதலாளிகளுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு வயது 34. டிப்ளமோ கடைசி வருஷம் படிக்கும்போது, 21 வயதில், மனச்சிதைவு நோய் வந்தது. ஸ்கிசோஃப்ரீனியா என்று சீட்டில் எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. உங்கள் கடைக்கு வந்துபோகிறவர்களிலும் சிலர் இருப்பார்கள். தம்பி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். யாரும் பேசாமலே காதில் கேட்ட குரல்கள் நின்று ஆறு வருஷமாகிறது.

"அதான் சரியாயிடுச்சே, அப்புறம் ஏன் வீட்ல உட்காந்திருக்கான்?" இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. நீங்களும் கேட்கக்கூடும்.

போன வருஷம் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தான். ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டார்கள். எந்தக் கடை என்பது வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருநாள் மதியம் சாப்பாடு கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். "தம்பி, ரெண்டு கிலோ உளுந்து, அரை கிலோ துவரை, கால் கிலோ கடலைப் பருப்பு, போட்டுட்டு அந்தச் சர்க்கரை மூட்டையை உள்ள தள்ளு" என்று கல்லாவில் இருந்தவர் ஒரே மூச்சில் சொன்னார். உளுந்தைச் சரியாக எடை போட்டான். அப்புறம் துவரை மூட்டைக்கு முன்னால் காலிப் பையோடு நின்றான். எவ்வளவு என்பது மறந்துபோயிருந்தது. திரும்பக் கேட்கவும் வாய் வரவில்லை. "கனவு கண்டுகிட்டு நிக்கிறான் பாரு" என்றார் யாரோ.

கனவு இல்லை, சோம்பலும் இல்லை. இந்த நோய் குரல்களோடும் சந்தேகங்களோடும் நிற்பதில்லை. கவனம், கேட்டதைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைப்பது, யோசிக்கும் வேகம், அடுத்து என்ன என்று திட்டமிடுவது என்று பலவற்றையும் பலருக்குக் குறைத்துவிடுகிறது. மாத்திரை குரல்களை அடக்கும். இவற்றைப் பெரிதாகத் திருப்பித் தராது. அந்த மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கூடவே தரும் ட்ரைஹெக்சிஃபெனிடில் என்ற இன்னொரு மாத்திரை ஞாபகத்தை இன்னும் கொஞ்சம் மங்கச் செய்யலாம். (அதற்காக நாமாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம்தான் பேச வேண்டும்.) ஒருவர் வேலையில் நிலைப்பாரா என்பதைக் குரல்களைவிட இந்தத் திறன்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்று 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள்.

இன்னொன்று, முகம். எதிரில் இருப்பவர் எரிச்சலில் சொல்கிறாரா, விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகம் பார்த்துப் புரிந்துகொள்வது இவர்களில் பலருக்குக் கஷ்டம். அவர்கள் முகமும் அதிகம் காட்டாது. ஆனால் உள்ளே சந்தோஷமும் வருத்தமும் ஏறக்குறைய நமக்கு இருக்கிற அளவுக்கு இருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. வேலை போன அன்று அம்மா திட்டியபோது கல் மாதிரி உட்கார்ந்திருந்தவன், மறுநாள் காலை ஏழரைக்குக் கடைக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

இப்போது ஞாயிறுதோறும் பான்பரி மார்க்கெட்டுக்கு அவன்தான் போகிறான். துண்டுச் சீட்டில் வரிக்கு ஒரு பொருள். வாங்கியதும் பேனாவால் அடித்துவிடுவான். முதல் மாதம் மூன்று முறை பச்சை மிளகாய் விட்டுப்போனது. இப்போது மீதிச் சில்லறைகூடத் தப்புவதில்லை.

உங்களிடம் நான் கேட்பதும் அந்தச் சீட்டைத்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், முடிந்தால் எழுதிக் கொடுங்கள். பொட்டலம் போடுவது, அடுக்குவது என்று தினமும் ஒரே மாதிரி வேலையாக இருக்கட்டும். ராத்திரி மாத்திரையின் தூக்கம் காலையில் சீக்கிரம் விடாது. பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம் போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்க மனம் வரவில்லை, தெரிந்த மனிதர்களாகத்தான் கேட்கிறேன்.

பயிற்சியெல்லாம் முடித்துவிட்டு அப்புறம் வேலை என்பதைவிட, நேராக நிஜமான வேலையில் சேர்த்து, பக்கத்தில் ஒருவர் நின்று பழக்குவதுதான் பலன் தருகிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். தீபாவளிச் சரக்கு இறங்கும்போது உங்களுக்கு ஆள் தேவைப்படும். அப்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். முதல் வாரம் நான் லீவு போட்டுவிட்டு அவனோடு வந்து நிற்கிறேன், சீட்டு எழுதிக் கொடுக்க.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா