கிடங்கில் கைகொடுத்த அனைவருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மார்ட்டின் லூதர் கிங் நாளன்று உணவு வங்கிக் கிடங்கில் நின்று உழைத்த உங்களுக்கு மறுநாளே எழுதியிருக்க வேண்டும். ஒரு வாரம் கடந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு பத்து மணி வரை தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழா மேடையைப் பிரித்து அடுக்கியவர்கள்தாம், திங்கள் காலை எட்டு மணிக்கு வழுக்கும் பனியில் கார் ஓட்டி வந்து நின்றீர்கள். பிள்ளைகளையும் எழுப்பி, தொப்பியும் கையுறையும் மாட்டி அழைத்து வந்தீர்கள். அமெரிக்கக் குளிரில், அதுவும் விடுமுறை நாளில், ஒரு குழந்தையைப் போர்வையிலிருந்து கிளப்புவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

அப்படி வந்த சிறுமி ஒருத்தி பதிவு மேசைக்கு முன்னால் நின்று, "இன்று விடுமுறைதானே, பிறகு ஏன் வேலை?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற நம் பெரியவர்தான் குனிந்து அவளுக்கு விளக்கினார். கிங்கின் பிறந்த நாளையொட்டிய இந்தத் திங்கட்கிழமை, மத்திய அரசு விடுமுறையாக முதன்முதலில் கடைப்பிடிக்கப்பட்டது 1986-இல். அவர் பெயரால் வரும் நாள் தூங்கிக் கழிகிற நாளாக இருக்கக் கூடாது என்று நினைத்த இருவர், ஹாரிஸ் வோஃபோர்டும் ஜான் லூயிஸும், நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டத்தால் 1994-இல் அது நாட்டின் சேவை நாளாகவும் ஆனது. அந்த ஜான் லூயிஸ், 1965-இல் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு, அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தைக் கடந்தபோது காவலர்களின் தடியடியில் மண்டை உடைந்தவர். இதையெல்லாம் ஏழு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சொல்வது எளிதன்று. முடிவில், 1959-இல் கிங் இந்தியா வந்தபோது கன்னியாகுமரிக்குப் போய், சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒரே வேளையில் பார்த்து மகிழ்ந்ததைப் பெரியவர் சொன்னதும், "அது எங்கள் பாட்டி ஊர்!" என்று அவள் கத்தினாள். அதன் பிறகு பன்னிரண்டு மணி வரை அவள் உட்காரவே இல்லை. ஐயா, உங்களுக்கு என் முதல் நன்றி.

கிடங்கின் மேற்பார்வையாளர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அவரைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நல்ல மனத்தோடு வந்தவர்கள் என்பதற்காக அவர் நம்மைப் பாராட்டிக்கொண்டிருக்கவில்லை, வேலையைக் கற்றுக்கொடுத்தார். பீன்ஸ் டின் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிக் காட்டினார். உடம்பில் லேசாக ஒடுங்கியிருந்தால் பரவாயில்லை. விளிம்பு மடிப்பிலோ பக்கவாட்டு ஒட்டிலோ நசுங்கியிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி உள்ளே போயிருக்கும். உப்பிய டின்னைத் திறந்தும் பார்க்கக் கூடாது. "உங்கள் வீட்டு மேசையில் வைப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைக்க மாட்டீர்கள் என்றால் இங்கும் வேண்டாம்" என்றார். அன்று காலை முழுவதும் எல்லாருடைய கட்டைவிரல்களும் டின் விளிம்புகளைச் சுற்றிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

தேதி விஷயத்திலும் நம்மில் பலருக்கு அன்றுதான் தெளிவு வந்தது. டின்களில் அச்சிட்டிருக்கும் தேதி பெரும்பாலும் சுவையையும் தரத்தையும் மனத்தில் வைத்துத் தயாரிப்பாளர் போடுவது. அது தாண்டியதாலேயே உள்ளே இருப்பது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கைக்குழந்தைகளுக்கான பால் மாவு மட்டும் வேறு. அதற்குத் தேதி போட வேண்டும் என்பதே மத்திய அரசின் கட்டாய விதி. ஒரு நாள் கடந்திருந்தாலும் கொடுக்கக் கூடாது. அந்தப் பெட்டிகளைத் தானே எடுத்துக்கொண்ட சகோதரியின் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவையும் தலைகீழாகத் திருப்பி, விளக்குக்கு நேரே பிடித்துத் தேதியைப் படித்து, ஐயமிருந்தால் இன்னொருவரையும் படிக்கச் சொல்லித்தான் அடுக்கினார். அவசரப்படாமல் செய்த அந்த வேலைக்காக அவருக்குத் தனியே நன்றி.

அரிசி மூட்டைகளும் துவரம்பருப்பும் தந்த மளிகைக் கடைக்காரருக்கு நன்றி. கொடுத்த உணவால் யாருக்காவது ஏதாவது ஆகி வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று அவர் முதலில் தயங்கினார், தயங்கியது நியாயம்தான். நல்லெண்ணத்தோடு அறநிறுவனங்களுக்கு உணவு கொடுப்போரைக் காக்க 1996-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது என்பதை நம் வழக்கறிஞர் தம்பி பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறுநாளே கடைக்காரர் தம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

கார் கொடுத்தவர்கள், காபி கொண்டுவந்தவர்கள், நிழற்படம் எடுத்தவர்கள், எல்லாருக்கும் நன்றி.

இனி நான் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினொன்றரை மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்து, தக்காளிச் சாறு போத்தல்கள் தரையில் விழுந்து நொறுங்கின. நாற்பது பேர் இருந்த கூடத்தில், யாரும் சொல்லாமலே மூன்று பேர் போனார்கள். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, தரையை இரண்டு முறை துடைத்து, பிறகு அங்கேயே இருந்து, காலியான பெட்டிகளை எல்லாம் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டினார்கள். குழுப்படம் எடுத்தபோது அவர்கள் பின்வாசலில் குப்பைத் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதனால் படத்தில் அவர்கள் இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கிங் கடைசியாகப் போன ஊர் மெம்ஃபிஸ். அவர் போனது அங்கே வேலைநிறுத்தம் செய்த துப்புரவுப் பணியாளர்களுக்காக. 1968 பிப்ரவரியில் குப்பை வண்டியின் இயந்திரம் நசுக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் வேலையை நிறுத்தி, "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டைகளோடு தெருவில் நடந்தார்கள். அவர்களோடு நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நாளில் கூட்டிப் பெருக்கியவர்கள் நம் படத்தில் விடுபட்டார்கள் என்றால் அது என் பிழை. மூவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை, தரை சுத்தமான பிறகுதான் படம்.

அந்த அடுத்த முறையைப் பற்றியும் ஒரு சொல். புறப்படும்போது மேற்பார்வையாளர் அம்மையார் என்னைத் தனியே அழைத்து, சேவை நாளன்று இடம் போதாமல் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறோம், பிப்ரவரி சனிக்கிழமைகளில் பெட்டி தூக்கக்கூட ஆளில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொன்னார். அதைக் கேட்டு வாகன நிறுத்தத்திலேயே தாளில் பெயர் எழுதிக் கொடுத்த ஒன்பது பேருக்குத்தான் இந்த மடலில் என் பெரிய நன்றி. முதல் பெயர், கன்னியாகுமரிச் சிறுமியின் அம்மாவுடையது.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். காலை எட்டரை மணிக்கு, அதே பின்வாசல். மூடிய காலணி அணிந்து வாருங்கள். அன்று யாரோ விட்டுச் சென்ற சிவப்புக் கையுறை ஒன்று, இடக்கையுடையது, சிறு குழந்தையின் அளவு, என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளித் தொண்டர் குழுவுக்காக