மகளுக்கு லப்டொப் வாங்கும் முன்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சரியான சந்தோசம். தங்குமிடம் சரிவரும் வரைக்கும் அவள் இங்கேயே நிற்கட்டும். காலி வீதிக்கு இறங்கினால் பஸ் இருக்கிறது.

பழைய புரொசசருக்கும் இப்போதையதற்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். வேகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

1978இல் வந்த இன்டெல்லின் 8086 புரொசசரை எடு. 29,000 டிரான்சிஸ்டர், 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 லட்சம் கிளொக் துடிப்பு. இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்க அதற்கு 118 முதல் 133 கிளொக் துடிப்பு வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு என்று கையேட்டிலேயே அச்சடித்திருக்கும். பென்சிலும் தாளும் இருந்தால் ஒரு புரோகிராம் ஓடி முடியும் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிடலாம். இன்றைய சிப்புக்கு அதே பெருக்கல் மூன்றே துடிப்பு. 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு கால் நானோசெக்கன்தான்.

ஆனால் நினைவகம், அதாவது ரேம், அந்த வேகத்தில் வளரவில்லை, மச்சான். என் மேசையில் ஒரு பழைய 486 டிஎக்ஸ்2 புரொசசர் இருக்கிறது: சாம்பல் நிற செராமிக், அடியில் 168 தங்க நிற ஊசிகள். 66 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அது, 70 நானோசெக்கன் ரேமுக்காக ஐந்து துடிப்பு போலக் காத்திருந்தால் போதும். இன்றும் ரேமிலிருந்து விடை வர ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கிறது. அதற்குள் புதிய சிப்புக்கு 300 துடிப்புக்குக் கிட்டப் போய்விடும்!

அதனால் இன்றைய புரொசசரில் பெரும்பகுதி, கூட்டிப் பெருக்குவதற்கு அல்ல, இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்கே செலவாகிறது. கேஷ் என்பது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்; 486இல் 8 கிலோபைட்டாக இருந்த அது இப்போது பல மெகாபைட். கட்டளைகளை வரிசை மாற்றிச் செய்கிறது. புரோகிராம் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலையைத் தொடங்குகிறது. வழமையான ஆளைக் கண்டதும் பிளேன்டீ ஊற்றத் தொடங்கும் கடைக்காரர் மாதிரி. ஊகம் பிழைத்தால் செய்ததைக் கைவிடும், ஆனால் கேஷில் தடயம் நின்றுவிடும். 2018இல் வெளியே வந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை அந்தத் தடயத்தால் வந்ததுதான்.

இன்னொன்று, கிகாஹெர்ட்ஸைப் பார்த்து மயங்காதே. இன்டெல்லின் பென்டியம் 4 புரொசசர் 2004இலேயே 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. சூடு தாங்காமல்தான் எல்லாரும் ஒரே சிப்பில் பல கோர்களை, அதாவது தனித்தனியே வேலை செய்யும் பல புரொசசர்களை, வைக்கும் வழிக்குத் திரும்பினார்கள். இன்றைய சிப் ஒன்று அதே கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் பல மடங்கு வேலை செய்யும்.

ஆகவே லப்டொப்பில் ரேம் 16 ஜிபி இருக்கட்டும், புரொசசர் அண்மைய தலைமுறையாக இருந்தால் காணும். அவள் வந்ததும் 8086இன் அசெம்பிளியை, அதாவது சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழியை, பழைய சிப்பைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற புரோகிராமில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். முழுதாக மனதில் பிடித்து வைக்கக்கூடிய ஒரு சிப்பை முதலில் படித்தால், இப்போதைய சிப் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறது என்று அவளுக்குத் தானாகவே விளங்கும்.

அடுத்த கிழமை இங்கே யூனிட்டி பிளாசாவின் கம்ப்யூட்டர் கடைகளில் விலை விசாரித்து எழுதுகிறேன். அதற்குள் அவசரப்பட்டு உன் ஊரில் ஒன்றும் வாங்கிவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்