ஒருநாள் பயணத்தை ஏன் நிறுத்தினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோ நகரத்திலிருந்து எழுதுகிறோம். விடியற்காலையில் தியோத்திவாக்கான் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள், மதியம் ஆஸ்டெக்குகளின் பெருங்கோயில், மாலையில் மானுடவியல் அருங்காட்சியகம் என்று மூன்று இடங்களையும் ஒரே நாளில் காட்டிவந்த பயணத்தை நிறுத்திவிட்டோம். இனி அதே மூன்று இடங்களுக்கு மூன்று நாள்கள். வரிசையும் மாறுகிறது. எங்களிடம் அதிகம் பேர் கேட்டு வந்த பயணம் அதுதான் என்பதால், "ஏன்?" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெருங்கோயிலின் முன்னால் நின்று ஒரு பெரியவர் கேட்ட கேள்வியிலிருந்து இது தொடங்கியது. காலையில் தியோத்திவாக்கானில் சூரியப் பிரமிடைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். சுமார் 65 மீட்டர் உயரம், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 225 மீட்டர் என்று மலைபோல் நிற்கும் கட்டடத்தைக் கண்ட கண்களோடு, நகரத்தின் நடுவே பள்ளத்தில் கிடக்கும் தாழ்ந்த சுவர்களைப் பார்த்து, "இவ்வளவுதானா? அஸ்திவாரம் மட்டும்தானே இருக்கிறது?" என்றார். அவர் மீது பிழையில்லை. அந்தக் கற்களைப் படிக்கும் முறையைச் சொல்லித்தராமல் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது எங்கள் பிழை. அன்று மாலை மானுடவியல் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற சூரியக் கல்லின் எதிரே இருந்த இருக்கையில் எங்கள் குழுவில் பாதிப்பேர் கண்மூடிச் சாய்ந்திருந்தார்கள். இத்தனை தொலைவு கடந்து வந்தவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது இதுவல்ல என்று அன்றே முடிவெடுத்தோம்.

அந்தப் பெரியவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறோம். நாம் ஆஸ்டெக்குகள் என்று படித்தவர்கள் தங்களை மெஷிகா என்று அழைத்துக்கொண்டார்கள். 1325-இல் ஏரியின் நடுவே ஒரு தீவில் தெனோச்சித்லான் நகரத்தை நிறுவினார்கள் என்பது மரபு. நகரின் மையத்தில் இருந்த பெருங்கோயிலின் உச்சியில் இரண்டு சன்னதிகள். வடக்கே மழைத் தெய்வம் த்லாலோக், தெற்கே போர்த் தெய்வம் உயித்சிலோபோச்லி. கோயிலைப் பெரிதாக்க விரும்பிய மன்னர்கள் பழையதை இடிக்கவில்லை. அதை அப்படியே உள்ளே வைத்து அதன் மேல் புதியதை எழுப்பினார்கள். இப்படி ஏழு கட்டங்கள், வெங்காயத் தோல்போல ஒன்றின் மேல் ஒன்று. ஏரிச் சேற்றில் கட்டடம் அமிழ்ந்துகொண்டே போனதும் மேலே மேலே கட்டியதற்கு ஒரு காரணம். 1521 ஆகஸ்ட் 13-ஆம் நாள் நகரம் ஸ்பானியர் வசம் வீழ்ந்தது. அவர்கள் வெளித்தோலை இடித்து, அந்தக் கற்களைத் தங்கள் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார்கள். உள்ளே அமிழ்ந்திருந்த பழைய கோயில்கள் அவர்கள் கைக்கு எட்டவில்லை.

அதனால்தான் இன்று நீங்கள் காண்பது "அஸ்திவாரம்" அல்ல. இரண்டாம் கட்டக் கோயில், சுமார் 1390-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதன் இரண்டு சன்னதிகளோடும் நிற்கிறது. த்லாலோக் சன்னதியின் வாசலில் சாய்ந்து படுத்த நிலையில் சாக்மூல் என்ற கல் உருவம் இருக்கிறது. அதன் மேல் பூசிய வண்ணம் இன்னும் தெரிகிறது. அறுநூறு ஆண்டுக் கால வண்ணம்! எங்கள் பழைய பயணத்தில் இந்த இடத்துக்கு ஒதுக்கியிருந்தது ஐந்து நிமிடம். இப்போது அரை மணி நேரம் அங்கேயே நிற்போம்.

இந்தக் கோயில் இங்கேதான் இருந்தது என்பது உலகத்துக்கு உரக்கத் தெரிந்த நாளும் நம் காலத்தியதே. 1978 பிப்ரவரி 21 அன்று, குவாத்தமாலா தெருவும் அர்ஜென்டினா தெருவும் சந்திக்கும் மூலையில் மின்கம்பி பதிக்கத் தோண்டிய தொழிலாளர்களின் கருவி ஒரு கல்லில் பட்டது. மூன்றேகால் மீட்டர் விட்டமுள்ள வட்டக்கல். அதில் அங்கங்கள் துண்டிக்கப்பட்ட பெண் தெய்வமான கொயோல்ஷௌக்கி. தாயைக் கொல்லப் படைதிரட்டி வந்த அவளை, பிறந்த கணமே ஆயுதத்தோடு எழுந்த தம்பி உயித்சிலோபோச்லி வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான் என்பது கதை. கல் கிடந்த இடமோ அந்தத் தம்பியின் சன்னதிப் படிக்கட்டின் அடி. பலியிடப்பட்டவர்களின் உடல்கள் மேலிருந்து அந்தக் கல்லின் மீது விழுந்தன என்று சொன்னால், கதையும் படிக்கட்டும் சடங்கும் ஒன்றென்று புரிந்துவிடும். கல் இப்போது பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல் தளத்திலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், அப்போதுதான் முழு உருவமும் தெரியும். இடிபாட்டைப் பார்க்காமல் கல்லை மட்டும் பார்த்தால் அது ஒரு சிற்பம். கல்லைப் பார்க்காமல் இடிபாட்டை மட்டும் பார்த்தால் அது ஒரு சுவர். இரண்டையும் ஒரே காலையில், இந்த வரிசையில் காட்டவேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நரபலியைப் பற்றி ஒரு வார்த்தை. 2015-இல் குவாத்தமாலா தெருவிலேயே, பலியிடப்பட்டவர்களின் மண்டையோடுகளை அடுக்கிய கோபுரம் கண்டெடுக்கப்பட்டது. அதில் பெண்கள், குழந்தைகளின் மண்டையோடுகளும் இருந்தன. இதை நாங்கள் மறைத்துப் பேசுவதில்லை. பரபரப்புக்காகப் பெரிதாக்குவதும் இல்லை. சிறுவர்களோடு வருகிறவர்கள் முன்பே தெரிவித்தால், எதை எவ்வளவு சொல்வது என்று உங்களோடு பேசி முடிவுசெய்வோம்.

பெருங்கோயிலின் பக்கத்திலுள்ள அதே அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய பச்சைக்கல் முகமூடி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். புதிய வரிசையை வகுக்க எங்களுக்கு வழிகாட்டியதே அதுதான். மெஷிகா மக்கள் அதைக் கோயிலுக்குள் காணிக்கையாகப் புதைத்திருந்தார்கள். ஆனால் அதைச் செய்தவர்கள் ஓல்மெக் மக்கள், புதைக்கப்பட்டபோதே அதற்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல். தியோத்திவாக்கானிலிருந்து வந்த பழம்பொருள்களும் காணிக்கைகளில் கிடைத்திருக்கின்றன. அதாவது, இடிபாடுகளைத் தேடிப்போய், வியந்து நின்று, எதையோ கையில் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் மெஷிகா மக்களும்தான். தியோத்திவாக்கான் அவர்கள் கட்டிய நகரம் அல்ல. அவர்கள் வருவதற்குச் சுமார் 700 ஆண்டுகள் முன்பே அது சரிந்துவிட்டது. "தெய்வங்கள் உருவான இடம்" என்ற பொருளில் அந்தப் பெயரைச் சூட்டியவர்களே இவர்கள்தான். ஆகவே முதலில் இவர்களுடைய கோயில், கடைசியில் இவர்கள் வணங்கிய நகரம் என்று போவதே சரியென்று எங்களுக்குப் பட்டது.

இடையில் இரண்டாம் நாள் முழுவதும் சாபுல்தெபெக் பூங்காவிலுள்ள தேசிய மானுடவியல் அருங்காட்சியகம். 1964-இல் திறக்கப்பட்டது. முற்றத்தில் ஒற்றைத் தூண் தாங்கும் பெருங்கூரையிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருக்கும். வெளியே சாலையோரம் நிற்கும் 168 டன் எடையுள்ள த்லாலோக் கல்லை அந்த ஆண்டு ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். அதைக் கொடுக்க மனமில்லாமல் கோவாத்லிஞ்சான் ஊரார் போராடினார்கள். கல் நகருக்குள் நுழைந்த இரவு, பருவமே இல்லாத நேரத்தில் மழை கொட்டியது. மழைத் தெய்வம் அல்லவா என்று இன்றும் சொல்கிறார்கள்.

எல்லாக் கூடங்களையும் ஒரு நாளில் பார்க்க முடியாது. தியோத்திவாக்கான், மெஷிகா, மாயர் ஆகிய மூன்று கூடங்கள் மட்டும் போதும் என்று வைத்திருக்கிறோம். தியோத்திவாக்கான் கூடத்தில் இறகுப் பாம்புக் கோயிலின் முகப்பை அதன் பழைய செந்நிறத்தோடு செய்துவைத்திருக்கிறார்கள். அதை மனத்தில் வாங்கிக்கொண்டால், மறுநாள் வெறும் கல்லாக நிற்கும் உண்மைக் கோயிலுக்கு நீங்களே வண்ணம் பூசிப் பார்ப்பீர்கள். மெஷிகா கூடத்தில் 1790-இல் நகரின் முதன்மைச் சதுக்கத்தில் கிடைத்த சூரியக் கல். மாயர் நாட்காட்டி என்று பலர் நினைத்திருக்கும் இது மாயர்களுடையதே அல்ல. இதற்கு முன் அழிந்த நான்கு உலகங்களும் நாம் வாழும் ஐந்தாவது உலகமும் இதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. நேரமும் தெம்பும் இருப்பவர்களை மாடிக்கும் அழைத்துப்போவோம். மெதாத்தே என்ற மூன்று கால் அரைக்கும் கல்லைப் பார்த்ததும் நம்மவர்கள் எல்லோரும் "அம்மி!" என்பார்கள். மக்காச்சோளம் அரைக்கும் அம்மிதான் அது. மிளகாயும் தக்காளியும் இந்த மண்ணில் வளர்த்தெடுக்கப்பட்டவை. நாம் சொல்லும் "சப்போட்டா" மெஷிகா மக்களின் மொழியான நாவாத்லில் "த்சாபோத்ல்" என்று தொடங்கிய சொல்.

மூன்றாம் நாள் காலை தியோத்திவாக்கான், வெயில் ஏறுவதற்கு முன். சூரியப் பிரமிடின் மேல் ஏற இப்போது அனுமதி இல்லை. இதைக் கேட்டு ஏமாற்றம் அடைபவர்கள் உண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஏற முடியாத நேரத்தை இறகுப் பாம்புக் கோயிலுக்குத் தருவோம். 2003-இல் பெருமழையில் அதன் முன் தரை உள்வாங்கி, கோயிலுக்கு அடியில் செல்லும் ஒரு சுரங்கம் வெளிப்பட்டது. ஆய்வாளர் செர்ஹியோ கோமெஸ் குழுவினர் அதில் பல ஆண்டுகள் வேலைசெய்து, நீர்மப் பாதரசம் உட்பட ஏராளமானவற்றைக் கண்டெடுத்தார்கள்.

அங்கே கருங்கண்ணாடிக் கல்லில் செய்த முகங்களை விற்பவர்கள் நிறைய இருப்பார்கள். புதிதாகச் செய்தவை அவை, தாராளமாக வாங்குங்கள், அந்த வேலை அழகானது. "வயலில் கிடைத்தது, மிகப் பழையது" என்று எவராவது தனியே அழைத்துக் காட்டினால் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள் அனைத்தும் நாட்டின் சொத்து. பொய்யானால் பணம் போகும், உண்மையானால் குற்றமாகும்.

நடைமுறையில் சில. இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள்கிழமை விடுமுறை. ஞாயிறன்று உள்நாட்டினருக்கு அனுமதி இலவசம் என்பதால் தியோத்திவாக்கானில் கூட்டம் அலைமோதும். ஆகவே எங்கள் பயணங்கள் செவ்வாய் அல்லது புதன்கிழமை தொடங்கும். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம். அரசு அடையாள அட்டை பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார், தமிழில் விளக்குவது நாங்கள். இந்த நகரம் ஏறக்குறைய உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள், மெதுவாக நடப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் மழையை எதிர்பார்த்துக் குடை கொண்டுவாருங்கள். சைவம் மட்டும் உண்பவர்கள் பதிவுசெய்யும்போதே எழுதுங்கள். பீன்ஸ் மசியலில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இங்கே வழக்கம், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒருநாள் பயணத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு இரண்டு வழிகள். முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். அல்லது அதே தொகைக்கு மூன்று நாள்களில் விரும்பிய ஒரு நாளுக்கு மட்டும் வரலாம். எந்த நாள் என்று எங்களைக் கேட்டால் முதல் நாள் என்போம்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்குச் சந்திக்கும் இடம் ஓட்டல் வாசல் அல்ல, பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்தின் உள்ளே, ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் நடைபாதை. மெட்ரோவுக்காகத் தோண்டியபோது 1967-இல் அங்கே காற்றுத் தெய்வம் எகேகாத்லின் சிறிய வட்டக் கோயில் கிடைத்தது. அதை அகற்றாமல் நிலையத்தையே அதைச் சுற்றிக் கட்டினார்கள். வேலைக்கு விரையும் கூட்டம் இருபுறமும் போய்க்கொண்டிருக்கும். கோயிலின் பக்கத்தில், கம்பித் தடுப்பை ஒட்டி நாங்கள் நிற்போம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்
மெக்சிகோ நகரம்